மாடிக்கு ஆள்

தையற்கார அம்மாவுக்கு மாடியில் குடியிருக்க ஆள் வேண்டியிருந்தது. வந்தவர்கள் வருடக்கணக்கில் இருக்க வேண்டும்; ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வர வேண்டும். கீழே அவளும் புருஷனும் மட்டும்தான். அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் வரை அந்த வீட்டைத் தன் கையாலேயே எழுப்பியவர். இப்போது ஞாபகம் கலங்கிப்போய், எதிரில் நிற்பது பெண்டாட்டியா பக்கத்து வீட்டுக்காரியா என்பதே சில நாள் அவருக்குப் பிடிபடாது.

மூன்று வருடம் மாடியில் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். தங்கமான மனிதர்கள். தையற்கார அம்மாவும் அவர்களைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். குழாய் ஒழுகுகிறது என்று காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் வாஷர் மாற்றியாகிவிடும். ஆணி அடிக்கலாமா என்று கேட்டால், "உங்க வீடு, எங்க வேணா அடிச்சுக்கோங்க" என்பாள். மேஸ்திரி அவ்வப்போது மாடியேறிப் போய், "யாரு நீங்க? என் வீட்ல என்ன பண்றீங்க?" என்று அதட்டுவார். பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே, "வாங்க மேஸ்திரி, உங்களைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தோம்" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார்.

அவர்களுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு முற்பகல் அவள் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோது மேலே டங்கு டங்கென்று சத்தம். விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். படுக்கையறைச் சுவரில் உளியை வைத்து மேஸ்திரி சுத்தியலால் போட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க ஜன்னல் வரணும். எவன்டா அடைச்சது?"

காரை பெயர்ந்து தொட்டிலுக்குள் விழுந்திருந்தது. குழந்தை வீறிட்டது. குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடிவந்த தாய், அதை வாரியெடுத்துக்கொண்டு மூலையில் போய் ஒடுங்கி நின்றாள்.

சாயங்காலம் பேக்கரிக்காரர் இறங்கி வந்தார். மாவு படிந்த சட்டையைக்கூட மாற்றவில்லை.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க."

"உளி, சுத்தியல் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன் தம்பி. படிக்கு ஒரு கம்பிக்கதவு வச்சுடறேன்."

"அவ தூங்கவே மாட்டேங்கறாக்கா. கதவு காத்துல ஆடினாக்கூட எழுந்து உக்காந்துடறா. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மாதக் கடைசியில் அவர்கள் காலி செய்தார்கள்.

கம்பிக்கதவு வைத்தாள். புரோக்கர் ஆட்களைக் கூட்டிவந்தார். அவள் உள்ளதை உள்ளபடி சொல்வாள். "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போவார்கள், போனவர்கள் போனவர்கள்தான். கடைசியில் புரோக்கரே கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, தயவுசெஞ்சு நீங்க வாயைத் திறக்காதீங்க."

அடுத்து வந்தவர்கள், லேப் டெக்னீஷியனாக இருந்த ஒரு பெண்ணும் அவள் தாயாரும். அவர்கள் வருவதற்குக் கால் மணி முன்னால் மேஸ்திரியைப் பின்னறையில் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டாள். நாற்பது வருடத்தில் அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள், சாப்பாட்டுத் தட்டை விசிறி எறிந்திருக்கிறாள்; அடைத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் மாடியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது பின்னறைக் கதவு தடதடத்தது.

"என்னம்மா சத்தம்?" என்றாள் அந்தப் பெண்.

"தச்சு வேலை நடக்குது." சொல்லும்போதே அவளுக்கு நாக்குக் கூசியது.

வீடு பிடித்துவிட்டது. "குறைஞ்சது அஞ்சு வருஷம் இருப்போம்" என்றார் தாயார். குடிவந்த நான்காம் நாள், மேஸ்திரி கம்பிக்கதவைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "என்னைப் பூட்டிப் போட்டுட்டாங்க, திறந்து விடுங்க" என்று அழுதார். அந்தப் பெண் படியில் உட்கார்ந்து, கம்பி வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத் தையற்கார அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பிறகு அந்தப் பெண் கீழே வந்தாள்.

"அன்னைக்குச் சத்தம் போட்டது இவருதானே?"

தையற்கார அம்மா ஆமென்று தலையசைத்தாள்.

"சொல்லியிருந்தா வந்திருப்போமா, தெரியல. ஆனா ஒரு மனுஷரை அடைச்சு வச்சுட்டு, தச்சு வேலைன்னு சொன்னீங்களேம்மா. இனிமே நீங்க எதைச் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது."

அவர்கள் பெட்டிகளைப் பாதிகூடப் பிரித்திருக்கவில்லை. அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். புரோக்கர் அதன்பிறகு போனை எடுப்பதில்லை.

ஒரு நாள் காலை மேஸ்திரி குளியலறையில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் எழ முடியவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். அவள் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. போனை எடுக்கப் போகலாம் என்றால் அவர் கையை விடவில்லை. "போயிடாதே, போயிடாதே" என்று பச்சைப்பிள்ளை மாதிரி அரற்றினார். ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உச்சிவேளைக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்தான் சத்தம் கேட்டு உள்ளே வந்து, அவரை அலாக்காகத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

"வீட்ல வேற யாரும் இல்லையாம்மா?"

"இல்லப்பா. மாடி காலியாத்தான் இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது வீடு தேடறாங்களா?" என்று தொடங்கியவள், எதையும் மறைக்காமல் சொன்னாள். உளி, தொட்டில், தாழ்ப்பாள் எல்லாவற்றையும்.

அவர் மேஸ்திரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கேட்டுப் பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டு, காலி சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். அவளுடைய போன் நம்பரை அவர் கேட்டுக்கொள்ளவில்லை.