நான்காவது சான்று

தன்னைப் பற்றிய பக்கத்தை நீக்கும்படி தென்றலே கேட்டிருக்கிறாள் என்ற அறிவிப்பு, இரண்டாம் ஆண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது செல்பேசியில் வந்தது. எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிகள் நிரந்தர ஆசிரியர்களுக்கு. கௌரவ விரிவுரையாளர்கள் வெயில் அடிக்கும் சன்னலோரம் உட்கார வேண்டும். நான் பதினோரு வருடமாகச் சன்னலோரம். இணையக் கலைக்களஞ்சியத்தில் மட்டும் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. ஏரிகள், நடுகற்கள், பேராசிரியர்கள் என்று வேறொரு பெயரில் நானூறு கட்டுரைகளுக்கு மேல் எழுதியிருக்கிறேன். தென்றல் பக்கமும் நான் எழுதியதுதான். அது அவளுக்குத் தெரியாது.

கீழ்பென்னாத்தூருக்கு வெளியே ஒரே செங்கல் சூளையில் கல் அறுத்த குடும்பங்கள் எங்களுடையவை. அறுத்துப் போட்ட பச்சைக் கல்லை வெயிலுக்குத் திருப்பி வைப்பது பிள்ளைகளின் வேலை. அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. பத்தாம் வகுப்பில் நான் நானூற்று அறுபத்திரண்டு, அவள் நானூற்று நாற்பது. நாற்பத்தொரு வயதில் இந்தக் கணக்கை இன்னும் நினைவில் வைத்திருப்பவன் எப்படிப்பட்டவன் என்று எனக்கே தெரியும். அவள் இப்போது நெதர்லாந்தில் மண்ணியல் பேராசிரியர். அந்தச் செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கட்டுரையைத் தொடங்கினேன். அவளைப் பற்றி எழுதுகிறவனாவது நானாக இருக்கட்டும் என்று.

ஆராய்ச்சிகளுக்கு மூன்று சான்றுகள் கிடைத்தன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சூளை, அம்மா ராணியம்மாள் இன்றும் கூலிக்குக் களை எடுப்பது, ஊர்ப்பெயர், விவாகரத்து எல்லாவற்றையும் சேர்த்தேன். யாரோ ஒரு பயனர் 'சான்று தேவை' என்று முத்திரை குத்திவிட்டுப் போனார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளூர் மாத இதழ் ஒன்றில், மூன்றாவதாக ஒரு புனைபெயரில், அவளைப் பாராட்டி இரண்டு பக்கம் எழுதினேன். அது அச்சானதும் அதையே நான்காவது சான்றாகக் கொடுத்தேன். நான் சொன்னதற்கு நானே சாட்சி. முத்திரை போய்விட்டது.

நீக்கல் விவாதம் ஏழு நாள் நடக்கும். விதி எளிமையானது. வாழும் நபர் ஓரளவே அறியப்பட்டவராக இருந்து அவரே கேட்டால் நீக்கலாம். நன்கு அறியப்பட்டவர் என்றால் அவர் விருப்பம் செல்லாது. ஐந்தாம் நாள் இரண்டு பேர் வைக்கலாம் என்றும் இரண்டு பேர் நீக்கலாம் என்றும் நின்றார்கள். 'கட்டுரையைத் தொடங்கியவர் கருத்துச் சொன்னால் முடித்துவிடலாம்' என்று ஒருவர் எழுதினார்.

சாயங்காலம் வேங்கிக்கால் வீட்டில் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தேவிப்ரியா துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, உங்க சூளைக்காரம்மாவா? இன்னும் முடியலையா அது?"

"அவளே நீக்கச் சொல்றா."

"அப்ப எடுத்துட வேண்டியதுதானே. அவங்களுக்குப் பேரு ஜாஸ்தியா இருக்குது, வேணாங்கறாங்க. உங்களுக்கு யாராவது ஒரு பக்கம் போட்டா ஃப்ரேம் போட்டு மாட்டுவீங்க." சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அப்போதுதான் தென்றல் கூப்பிட்டாள். பேசி இரண்டு வருடம் இருக்கும்.

"குமரேசா, நீ அந்தக் களஞ்சியத்துல எழுதறவன்தானே? எப்படியாவது அத எடுக்கணும்டா."

"எல்லாரும் பாக்கற மாதிரி வாழ்றவங்க இதெல்லாம் தாங்கித்தான் ஆவணும்" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

"என்ன பத்தி எழுதட்டும். என் வேலைய எழுதட்டும், திட்டியே எழுதட்டும். அம்மா என்னடா பண்ணுச்சு? அந்தப் பக்கத்தப் படிச்சிட்டு எவனோ யூடியூப்காரன் வூட்டுக்கு வந்து கேமராவ நீட்டி, பொண்ணு டாலர்ல சம்பாதிக்குது, நீங்க ஏன் களை எடுக்கறீங்கன்னு கேக்கறான். நான் தனியா இருக்கறத அம்மா ஊர்ல யாருக்கும் சொல்லல. மாப்ள லீவு கெடைக்காம வரலன்னே ஆறு வருஷம் ஓட்டுச்சு."

நான் மடிக்கணினியைப் பாதி மூடினேன்.

"அத அம்மாக்கும் உனக்கும் மட்டுந்தான் சொன்னேன்" என்றாள். "நீ எழுதினியான்னு நான் கேக்கல. எடுத்துடுன்னுதான் கேக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

விவாதம் நடக்கும் பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். 'குறிப்பிடத்தக்கவர் அல்லர். நீக்கலாம்' என்று தட்டினேன். எத்தனை வருடமாக அவளைப் பற்றி நான் சொல்ல ஆசைப்பட்ட வாக்கியம். தித்தித்தது. ஆனால் அனுப்பினால் அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிடும். அழித்தேன். 'குறிப்பிடத்தக்கவர். வைக்கலாம்' என்று தட்டினேன். அவள் கேட்டது கிடைக்காது. ஆனால் அவள் பெரியவள் என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதையும் அழித்தேன். அவளுக்காக ஒரு வரி எழுத எனக்கு வரவில்லை. இரண்டிலும் நான்தான் இருந்தேன். 'அந்த நான்காவது சான்று நான் எழுதியது' என்ற மூன்றாவது வாக்கியம் ஒன்று இருந்தது. விரல் அந்தப் பக்கமே போகவில்லை. போனால் நானூறு கட்டுரையும் நாற்காலியும் போய்விடும்.

ஏழாம் நாள் காலை கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பினேன். அவள் சொல்வது நிஜமா என்று நேரில் பார்க்கப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெருவைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் வண்டியை முனையிலேயே விட்டு நடந்தேன். ராணியம்மாள் வீட்டை நெருங்கும்போது உள்ளே மல்லாட்டை உரிக்கும் சத்தம் கேட்டது. கடலை ஓடு உடைவதும், பருப்பு முறத்தில் விழுவதும். கதவைப் பார்த்தேன். வெளியே பூட்டு தொங்கியது. "அத்தே" என்றேன். சத்தம் நின்றது.

எதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து ஆதிலட்சுமி எழுந்து வந்தாள். முந்தானை நுனியில் சாவி முடிந்திருந்தது.

"வூட்ல ஆள் இல்லீங்க. நெலத்துக்குப் போயிருக்குது."

"நான் சூளை மூர்த்தி பையங்க. தென்றல்கூடப் படிச்சவன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கினு வர்றாங்க." என் சட்டைப் பையிலிருந்த செல்பேசியைப் பார்த்தாள். "நீங்களும் அந்தப் பொண்ணு ஒண்டியா இருக்குதான்னு கேக்கத்தான் வந்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இன்னா வேணும்?"

அவள் சாவியைக் கைக்குள் மடக்கிக்கொண்டு கதவுப் படியில் உட்கார்ந்தாள். கதவுக்கும் படிக்கும் நடுவே விரல் நுழையும் சந்து. அதன் வழியாக என் நிழல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பையில் செல்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது; விவாதம் முடிந்த அறிவிப்பாக இருக்கும். உள்ளே ஓர் ஓடும் உடையவில்லை.