முள் தெரியாத கடிகாரம்

மாதேஸ்வரன் பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு ஒரு தோட்டக் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். கறுப்பு இரும்புக் கம்பம், அதன் உச்சியில் தாம்பாளம் அளவுக்கு இரண்டு பக்கமும் முகம். மொரப்பூரை ஒட்டியிருந்த தன் வீட்டின் முன்னால், மாமரத்துக்கும் வேலிக்கும் நடுவில் குழி வெட்டி சிமெண்ட் போட்டு அவரே நிறுத்தினார். வாசலில் நின்றாலும் மணி தெரியும், ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரியும்.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்க்கும் செல்லி ஒருநாள் வேலியோரம் நின்று, "அக்கா, மணி என்னங்க ஆவுது?" என்று கேட்டாள்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மாதேஸ்வரனின் மனைவி அமுதவல்லி சிரித்தாள். "கண்ணு முன்னாலதான நிக்குது கடியாரம்."

"நம்பரு இருக்குது. முள்ளு எங்கீங்க இருக்குது?"

அமுதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு முள்ளும் பளிச்சென்று இருந்தன. வெயிலில் கண் கூசுகிறதுபோல என்று நினைத்து மணியைச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் மத்தியானம் கிணற்றுமேட்டில் துண்டை விரித்துப் படுத்த செல்லி எழுந்திருக்கவில்லை. ஆடுகள் தாமாக ஊர் திரும்பிய பிறகுதான் ஆட்கள் தேடிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சாவையும் கடிகாரத்தையும் அமுதவல்லி சேர்த்து நினைக்கவே இல்லை. தை பிறந்த பிறகு, பால் எடுக்க வரும் சின்னராஜ் கேனை வண்டியில் மாட்டிக்கொண்டே, "என்னங்கக்கா, புதுக் கடியாரம், அதுக்குள்ள முள்ளு வுழுந்துருச்சா?" என்று கேட்டான். செல்லி கேட்டது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "தம்பி, நல்லா பாரு" என்றாள். அவன் பார்த்துவிட்டு, "வெறும் தட்டுதாங்க" என்று சொல்லிக் கிளம்பினான். சாயங்காலம் பொம்மிடி ரோட்டில் டெம்போ மோதி இறந்துபோனான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புருஷன் சிரிப்பார். தினமும் காலையில் காபி டம்ளரோடு அந்தக் கம்பத்தடியில் நின்று, இந்நேரம் எந்த பஸ் எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று சொல்லிப் பார்ப்பதுதான் அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம். அவர் கம்பத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் வேலையை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு காலை அவர் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"அமுதா, முள்ளு ரெண்டையும் எவன் கழட்டிட்டுப் போனது?"

அவள் பார்த்தாள். முள் இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன, பெரிய முள் மெல்ல நகர்ந்தது.

"நாந்தாங்க. துரு புடிச்சுருந்துச்சு, தொடைக்கலாம்னு கழட்டி வெச்சேன்."

"உனக்கெதுக்கு அந்த வேலையெல்லாம்? சரி, வண்டியை எடுக்கறேன். பென்னாகரம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

அமுதவல்லி மார்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "ஏங்க, எனக்கு நெஞ்சை அடைக்குதுங்க. தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வண்டி வேணாம், ஆட்டோ சொல்லுங்க."

அவர் பதறிப்போனார். ஆட்டோவில் வழியெல்லாம் அவள் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அவளோ அவர் நெற்றியில் அரும்பிய வேர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவின் அறைக்குள் போனதும் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லீங்க. வெளிய நிக்கற எங்க வூட்டுக்காரரைப் பாருங்க. ஏன்னு கேக்காதீங்க" என்று கும்பிட்டாள். அந்த அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் அவரைக் கூப்பிட்டுப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார். தாள் வெளியே வந்தபோது டாக்டரம்மாவின் முகம் மாறியது. அன்றைக்கே ஆம்புலன்ஸில் சேலத்துக்கு அனுப்பினார்கள். இதயக் குழாயில் பெரிய அடைப்பு. வண்டி ஓட்டிப் போயிருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும் என்றார்கள்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய மாதேஸ்வரன் வாசலில் இறங்கியதும் கடிகாரத்தைப் பார்த்தார். அமுதவல்லி அவர் முகத்தையே பார்த்தாள்.

"முள்ளை எப்போ மாட்டுன? மணி சரியாத்தான் காட்டுது."

"அப்பவே மாட்டிட்டேங்க" என்றாள். அழுகை வந்தது. பயணக் களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

உள்ளே நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில், தான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. திரும்பிப் பார்க்கலாம். தனக்கு முள் தெரியாவிட்டால்? திரும்பவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் அவள் அதன் பக்கம் தலை தூக்கவில்லை.

கடிகாரத்தை எடுத்துவிடலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவருக்கு முகம் வாடிவிட்டது. அதனால் கம்பத்தடியில் சங்குப்பூ விதை ஊன்றி, குனிந்த தலையோடு தினமும் தண்ணீர் ஊற்றினாள். கோடை முடிவதற்குள் கொடி உச்சிவரை ஏறி இரண்டு முகங்களையும் மூடியது.

"மணியே தெரியல, கொடியை வெட்டி வுடட்டுமா?" என்றார் அவர்.

"மொட்டு வெச்சிருக்குதுங்க. இருக்கட்டும்."

அவர் இலையை விலக்கி மணி பார்த்துக்கொள்ளப் பழகிக்கொண்டார். ஒவ்வொரு காலையும் அவர் சொல்லும் மணியைக் கேட்ட பிறகுதான் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆடி வந்தது. ஒரு மத்தியானம் அவள் தண்ணீர்க் குழாயோடு கம்பத்தடியில் நின்றபோது காற்று சுழற்றி அடித்தது. தலைக்கு மேலே இலைகள் படபடவென்று பிரிகிற சத்தம் கேட்டது. கடிகாரக் கண்ணாடியில் பட்ட வெயில் அவள் காலடி மண்ணில் வந்து விழுந்து ஆடியது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். குழாய்த் தண்ணீர் பாதத்தை நனைத்து ஓடிக்கொண்டிருந்தது. காற்று அடங்கும்வரை அப்படியே நின்றாள்.