அபூனா மக்காரி கூப்பிடவில்லை

அபூனா வீஸாவால் எதையும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. குருப்பட்டம் பெற்று ஊரார் 'அபூனா', அதாவது ஃபாதர், என்று அழைக்கும்முன் அவர் கால்நடை மருத்துவர். வாயில்லாத ஜீவன்களிடம் காரணம் தேடிப் பழகியவர். எகிப்தில் மினியா நகருக்குத் தெற்கே, நைல் கரையில் இருந்த ஒரு சிற்றூரின் காப்டிக் கிறிஸ்தவக் கோயிலுக்கு ஆயர் அவரை அனுப்பிய புதிதிலேயே, கேட்டருகே நிற்கும் ஆள் அவர் கண்ணில் பட்டுவிட்டார்.

அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை; வெள்ளிதோறும் வழிபாடு தொடங்கும்போதே அந்த ஆள் வந்துவிடுவார். சாம்பல் நிற அங்கி, தலையில் வெள்ளைத் துணி. கேட்டுக்கு வெளியே, சுவரில்கூடச் சாயாமல் கைகட்டி நிற்பார். தூபக்கலசத்தோடு வாசல்வரை வரும்போது வீஸா கவனித்தார். உள்ளே பாடும் பாட்டுக்கு வெளியே அவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. எல்லாரும் நற்கருணை வாங்கித் திரும்பும்போது, நற்கருணை வாங்காதவர்களுக்கும் கொடுக்கும் ஆசீர் அப்பத்தில் ஒரு துண்டை யாராவது அவர் கையில் வைப்பார்கள். முத்தமிட்டு வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

"அவர் கத்தாஸ். தண்ணி பம்பு ரிப்பேர் பண்றவர். அவர் அப்படித்தான் அபூனா" என்றார்கள் கோயிலில்.

"அப்படித்தான்னா எப்படி?"

யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

கேட்டில் காவலிருந்த போலீஸ்காரர் சையதுதான் சிரித்தார். "என்னைவிட ஒழுங்கா டியூட்டிக்கு வர்ற மனுஷன் அபூனா. நானாவது லீவு போடுவேன். நாற்காலி போட்டாலும் உக்கார மாட்டார்."

அடுத்த நாளே வீஸா கத்தாஸின் பட்டறைக்குப் போனார். கத்தாஸ் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கருந்தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வீஸா சுற்றி வளைக்கவில்லை.

"ஏன் அண்ணே உள்ள வர்றதில்ல?"

"இன்னும் கூப்பிடல."

"யாரு?"

"அபூனா மக்காரி."

வீஸாவுக்கு முன் அந்தக் கோயிலில் நெடுங்காலம் இருந்தவர் மக்காரி. பல வருஷங்களுக்கு முன்பு, வயலுக்குத் தண்ணீர் திருப்புவதில் கத்தாஸுக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கும் தகராறு மூண்டு, அவன் கை ஒடிந்துபோயிற்று. அந்த வெள்ளிக்கிழமை கத்தாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு நற்கருணை வரிசையில் நின்றார். மக்காரி அவரைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். 'நீ இல்ல. வெளிய நில்லு. நான் கூப்பிடறேன்' என்றார்.

"அப்புறம் சித்தப்பா பையன்கிட்ட சமாதானம் ஆகலையா?"

"அடுத்த வாரமே ஆயிட்டோம். அவன் கல்யாணத்துக்கு ஆடு வாங்கிக் கொடுத்ததே நான்தான். அபூனா கூப்பிடுவார்னு நின்னேன். அப்புறம் அவருக்கு உடம்பு முடியாம ஊரைவிட்டே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நான் கூப்பிடறேன், வாங்க!"

கத்தாஸ் தலையை ஆட்டினார். "கோவிச்சுக்காதீங்க. வெளிய நில்லுன்னு சொன்னது நீங்க இல்லையே."

வீஸா பெனிசூயிப் நகருக்கு ரயில் ஏறினார். மக்காரி அங்கே மகள் வீட்டில் இருந்தார்; காப்டிக் சபைக் குருக்கள் மணம் செய்துகொள்வதுண்டு. கண் பாதி போயிருந்தது, சர்க்கரை நோயில் கால் வீங்கியிருந்தது. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "கத்தாஸா? எந்தக் கத்தாஸு?" என்றார்.

வீஸா அடையாளம் சொன்னார். பம்பு மெக்கானிக். உயரமானவர். கிழவர் முகத்தில் ஒன்றும் தெளியவில்லை.

"நானா சொன்னேன்? கத்திச் சொன்னேனா, மெதுவாவா?"

"தெரியல அபூனா."

"எனக்கும் தெரியலயேப்பா." வீஸாவின் கையைத் தேடிப் பிடித்தார். "கூப்பிட்டேன்னு சொல்லு. உடனே போய்ச் சொல்லு."

திரும்பும் ரயிலில் வீஸாவுக்குள் ஒரே போராட்டம். கிழவர் மறந்துபோன விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன? காரியம் முடிந்துவிடும். ஆனால் மனம் ஒப்பவில்லை. பட்டறைக்குப் போய் நடந்ததை நடந்தபடியே சொன்னார்.

கத்தாஸின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

"மறந்துட்டாரா?"

"வயசாயிடுச்சு அண்ணே..."

"என்மேல கோவமா இருக்கார்னு நெனச்சு நின்னேன். அதைத் தாங்கிக்கிட்டேன். என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட கேட்டுக்கு வெளிய நின்னேன் அபூனா! அவருக்கு நான் யாருன்னே தெரியலன்னா, அத்தனை நாளும் நான் யாருக்காக நின்னேன்?" அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை கேட்டருகே யாரும் இல்லை. "என்ன அபூனா, எனக்கிருந்த ஒரே துணையையும் விரட்டிட்டீங்களே" என்றார் சையது. வேடிக்கையாகத்தான் சொன்னார், வீஸாவுக்குச் சுருக்கென்றது. வெளியிலாவது நின்ற மனிதரை, கேள்வி கேட்டுக் கேட்டே தெருவுக்குத் தள்ளிவிட்டோமோ?

அடுத்த வாரம் கத்தாஸே வீஸாவின் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அவர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்கு ஞாபகம் இல்லன்னா நான் ஞாபகப்படுத்தறேன்."

பெனிசூயிப்பில் கத்தாஸ் கிழவரின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வெயில், குளிர், மகளின் கல்யாணம், வெளியில் நின்றே பாடம் செய்துகொண்ட பாட்டுகள். குரல் இரண்டு முறை உயர்ந்தது. மக்காரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "உன் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார்.

"மரீஸ்."

"ஞானஸ்நானம் யாரு கொடுத்தா?"

"நீங்கதான்."

கிழவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து வணங்கப் பார்த்தார். கத்தாஸ் பதறிப்போய் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார். "வேணாம் அபூனா, வேணாம்! கால் இருக்கற இருப்புல..."

"கோவத்துல சொன்னது ஒரு தப்பு. ஆனா உன்னை மறந்தேன் பாரு, அதுக்கு நான் என்ன பதில் சொல்லப்போறேன்? மந்தையை எண்ணிப் பார்க்காத மேய்ப்பன் நான்." கைச்சிலுவையைத் தடவி எடுத்து, கத்தாஸின் தலையில் வைத்து, பாவமன்னிப்பு ஜெபத்தைத் திக்கித் திக்கிச் சொன்னார். அந்த வார்த்தைகள் மட்டும் அவருக்கு மறந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கத்தாஸ் உள்ளே வந்து கடைசி வரிசையில் நின்றார். முன்னால் வரச்சொல்லிப் பலர் இழுத்தும் அசையவில்லை. நற்கருணை நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். வீஸா அவருக்கு நற்கருணை கொடுத்தார்.

அன்று மத்தியானம் மனைவி ஐரினி அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வீஸா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நான் யாரையாவது ஏதாவது சொல்லிட்டு மறந்துபோயிருக்கேனா?"

"எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்?"

"நெஜமாதான் கேக்கறேன்."

ஐரினி கத்தியைக் கீழே வைத்தாள். "இங்க வந்த புதுசுல ஃபீபியைச் சொன்னீங்க. அவ கைக்குழந்தை கோயில்ல அழுதுச்சுன்னு. அடக்க முடியலன்னா வீட்டுலயே இருன்னு."

"நானா?"

"நீங்கதான்."

"அப்புறம் வந்தாளா?"

"நீங்கதானே பார்த்திருக்கணும்?"

ஃபீபியின் முகத்தை நினைவில் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. எழுந்து கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டார்.

"வீடு எங்க?"

"கால்வாய் தாண்டி, அரிசி மில்லுக்குப் பின்னால. இருங்க, நானும் வரேன்" என்று கை கழுவினாள் ஐரினி. "தனியா போனா வாசல்லயே நின்னு ஏன், எதுக்குன்னு கேட்டு அந்தப் பொண்ணை அழவெச்சுடுவீங்க."