ஓவசியரின் நெஞ்சுப் படம்

எண்பத்தாறில், சண்டையால் கொழும்புச் சாமான் ஒழுங்காக வராத நாட்களில், குருநகரில் எரிந்த மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். கம்பி இரும்பில் முட்டாமல் இடையில் வைக்கும் தாள் ஒரு கடையிலும் இல்லை. பழைய எக்ஸ்றேப் படங்களை வெட்டி வைத்தேன். சூட்டுக்கும் ஈரத்துக்கும் அவை அசையாது.

புத்தூர் சண்முகநாதன் றோட்டு வேலைகளை மேற்பார்த்து இளைப்பாறிய ஓவசியர். தனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்ற நினைப்பு. கிணற்று மோட்டரைக் கொண்டுவந்து இறக்கியவர், மேசையில் கிடந்த படத்தைக் கண்டதும் துள்ளினார்.

"சீ! ஆரோ செத்தவன்ரை நெஞ்செலும்பையோ என்ரை கிணத்தடியிலை வைக்கப் போறாய்?"

"சலவைச் சோடாத் தண்ணியிலை கழுவினா எலும்பும் இல்லை, ஒண்டும் இல்லை ஐயா."

"எனக்கே படிப்பிக்கிறியோ, யசிந்தா? பொம்பிளையிட்டை மோட்டரைக் கொண்டுவந்த என்ரை புத்தியைச் சொல்லவேணும்."

தூக்கிக்கொண்டு போய், வேறொருவனிடம் சப்பாத்துப் பெட்டி மட்டை வைத்துச் சுற்றுவித்தார். பெரிய மூளை! மட்டை ஈரத்தைக் குடித்தது. இரண்டாம் நாளே மோட்டர் புகைந்தது. பத்துப் பரப்புக் காணியில் நின்ற வெங்காயம் தண்ணீரில்லாமல் சுருளத் தொடங்கியது.

புகைந்த மோட்டரோடு திரும்பி வந்தார். அதற்குள் என்னிடமிருந்த படங்களும் முடிந்துவிட்டன.

"படம் கொண்டந்தா சுத்தித் தாறன்," என்றேன்.

அன்று பின்னேரமே ஓர் உறையை நீட்டினார். படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மூலையில் பாலேஸ்வரி என்றிருந்தது. போன மாதத் திகதி.

"மனிசியின்ரை. ஒரே இருமல். வாற கிழமை டொக்டருக்குக் காட்டவேணுமாம். வேறை எடுக்கலாம்தானே."

"ஆசுப்பத்திரியிலை பிலிம் இல்லாமல் சனம் திரும்புது. உங்கடை படம் இல்லையோ?"

"இருக்கு. அது எனக்குத் தேவைப்படும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்தவன்ரை படத்துக்குச் சீ எண்ட மனிசன், உயிரோடை இருக்கிற பெண்சாதியின்ரையை வெட்டச் சொல்லுறீங்கள். வெக்கமில்லையோ?"

"வெங்காயம் சாகுது, பிள்ளை."

"அப்ப உங்கடையைக் கொண்டாங்கோ. இல்லாட்டி வாளியாலை ஊத்துங்கோ."

பாலேஸ்வரியின் படத்தை உறையில் போட்டு அவர் கையில் திணித்தேன். மோட்டரைக் காலால் வாசலுக்குத் தள்ளினேன்.

அடுத்த நாள் காலை, கடை திறக்குமுன்னே வந்து நின்றார். இந்த முறை அவருடைய பெயர் போட்ட படம். ஒரு குறையுமில்லாத நெஞ்சு.

"ஓரத்திலை மட்டும் எடுக்கேலாதோ..." என்று இழுத்தார்.

கத்தரிக்கோலை எடுத்து, நெஞ்சுக்கு நடுவாலேயே வெட்டத் தொடங்கினேன்.