நாற்பத்தொன்றாம் குழாய்

பரிசோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். கர்ப்பத்துக்கு எட்டாம் மாதம் பிறந்ததும், "சிட்டு வாத்தாயிடுச்சு" என்று கிண்டல். அவளும் சிரித்தபடி, வயிறு மேசையில் இடிக்காமல் தள்ளி உட்கார்ந்து வேலை பார்ப்பாள்.

கர்ப்பிணிகளின் கல்லீரல் மோசமாகக் கெடப்போவதை ரத்தத்திலுள்ள ஒரு புரதம் முன்கூட்டியே காட்டுமா என்று அங்கே ஆராய்ச்சி நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆரோக்கியமான கர்ப்பிணிகளின் ரத்தமும் தேவைப்பட்டதால் சிட்டுவும் கையை நீட்டியிருந்தாள். குழாய்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தன்னுடையது நாற்பத்தொன்று என்பது அவளுக்குத் தெரியும்.

அன்று காலை திரையில் அளவுகள் வரிசையாக வந்தன. நாற்பதுவரை ஒழுங்கு. நாற்பத்தொன்று மட்டும் மற்றவற்றைப்போல் ஆறு மடங்கு. ஏதோ தப்பு நடந்திருக்கும் என்று அந்தக் குழாயை மறுபடி சோதித்தாள். அதே அளவு. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்காததும், பிள்ளை உதைக்கிறது என்று விட்டுவிட்ட மேல்வயிற்று வலியும் அப்போதுதான் உறைத்தன.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் தாளை நீட்டினாள்.

"யாரு இந்த நாப்பத்தொண்ணு?"

"நான்தாம்மா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இத நம்பி எதுவும் முடிவு பண்ண முடியாதுடி. இது சரியா சொல்லுதான்னே நமக்கு இன்னும் தெரியாது."

"அதாம்மா பயமா இருக்கு."

"சரி வா. தெரிஞ்ச டெஸ்ட்டெல்லாம் எடுத்துப் பாப்போம்."

வார்டில் சேர்த்து எடுத்த அந்த டெஸ்ட்களில் அளவுகள் கொஞ்சம்தான் ஏறியிருந்தன. வீட்டுக்குப் போகலாம் என்றார் வார்டு டாக்டர். வேலையை விட்டு ஓடிவந்த கணவன் பையைத் தூக்கினான். சிட்டு கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு இன்னொரு தடவ ரத்தம் எடுங்க. அதுவரைக்கும் நான் நகர மாட்டேன்."

மறுநாள் மதியம் எல்லாம் தலைகீழானது. கண் மஞ்சளானது, ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. உடனே அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு கிலோகூட இல்லாத பெண் குழந்தை, பிறந்ததும் வீறிட்டது. தாய்க்கு நினைவு தெளிய நான்கு நாளானது.

"வீட்டுக்குப் போயிருந்தா?" என்று கேட்டான் கணவன்.

டாக்டரம்மா அவன் தோளைத் தட்டினார்.

கல்லீரல் மெல்லத் தேறியது. ஆனால் வாரா வாரம் ரத்தப் பரிசோதனைத் தாள் வரும்போதெல்லாம் சிட்டு அதைக் கணவனிடம் நீட்டிவிட்டு, குழந்தையை அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நீயே படிச்சு சொல்லு. மெதுவா சொல்லு."