மலையேறாத கொட்டு

மேளம் கொட்டுகிறவனுக்குப் பாடுகிறவனின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். சோலைராஜின் முதுகை வேல்பாண்டி இரண்டு ஆண்டுகளாகப் பார்த்து வந்தான். அது எப்போது சோலைராஜின் முதுகாக இருக்கிறது, எப்போது இல்லை என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. அறிந்தும் வாய் திறவாமல் இருந்தவனும் அவனே.

'சூறை' என்னும் அந்தக் குழு இராசபாளையத்தில், காயத்துக்குக் கட்டும் துணி நெய்யும் ஒரு தறிக்கூடத்தின் பின்னறையில் பிறந்தது. சோலைராஜ் ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். கல்லுடைக்கும் இரைச்சலுக்கு மேலே ஓட்டுநர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் தொண்டையில் ஒரு கரகரப்பு ஊறியிருந்தது. பெலிக்ஸ் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கிதார் வாசிப்பவன். வாரத்தின் மற்ற நாள்களில் அதே கிதாரின் தந்திகளைத் தளர்த்தி, புதைந்துபோன இடியைப்போல் உறும வைப்பான். பாஸ் கிதார் சிவரஞ்சனியிடம் இருந்தது. நூற்பாலை ஒன்றில் நூலின் வலுவைச் சோதிக்கும் அறையில் அவளுக்கு வேலை; எந்த இழை எங்கே அறும் என்று கண்டு சொல்லிப் பழகியவள். டிரம்ஸ் வாசித்த வேல்பாண்டி மம்சாபுரத்தான். கோயில் கொடைத் திருவிழாக்களுக்குப் போகும் உறுமிமேளச் செட்டில் பன்னிரண்டு வயது முதல் அடித்தவன். கொடை இல்லாத மாதங்களில் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தான்.

அவர்கள் வாசித்தது மெட்டல்கோர் என்னும் மேற்கத்திய இசை. மூச்சு முட்ட ஓடுகிற பாட்டு நடுவில் ஓரிடத்தில் நடை தளர்ந்து, யானை அடிவைப்பதுபோல் ஒவ்வோர் அடியாக நிலத்தில் புதையும். பாடுகிறவன் பாடுவதை விட்டு அடிவயிற்றிலிருந்து உறுமுவான். அந்த இடத்துக்குப் பிரேக்டவுன் என்று பெயர். கேட்க வருகிறவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். தறிகள் ஓடும் பகல் நேரத்தில்தான் அவர்கள் வாசித்துப் பழகினார்கள். அந்த ஓசைக்குள் எந்த ஓசையும் அடங்கிவிடும்.

“என்னப்பா, பாட்டா படிக்கிய? நான் யாருக்கோ பல்லு பிடுங்குதாவன்னுல்லா நெனச்சேன்,” என்பார் தறிக்கூடத்து முதலாளி நவநீதகிருஷ்ணன். “தறி நிக்கிற நேரத்துல மட்டும் கத்திராதீய. பக்கத்துத் தெருவுல இருந்து ஆம்புலன்ஸ் வந்துரும்.”

'இறங்கு' என்னும் பாட்டு அங்கேதான் உருவாயிற்று. மெட்டு பெலிக்ஸுடையது. சொற்களைச் சோலைராஜ் எழுதினான். வானத்தைப் பார்த்து ஒருவன் இறங்கு, இறங்கு என்று கூவுவதுதான் பாட்டு. பிரேக்டவுன் மட்டும் அமையவில்லை. பதினைந்து நாள் முட்டி மோதியும் அது உப்பில்லாத கஞ்சியாகவே இருந்தது. ஒருநாள் மதியம், சலித்துப்போய்க் கையை அதன் போக்கில் விட்டபோது, வேல்பாண்டியின் கைகள் பெரிய டிரம்மிலும் சிறிய டிரம்மிலும் ஓர் அடியை எடுத்தன. மற்ற மூவரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

“ஏலே, என்னலே அது? திருப்பி அடி,” என்றான் பெலிக்ஸ்.

“அது கோயில் அடி மாப்ள. வேண்டாம்.”

“கோயில் அடின்னா? கோயிலு வந்து கேஸ் போட்டுருமா?”

அது சாமியை அழைக்கும் அடி. கொடையில் எல்லை கட்டி, கற்பூரம் ஏற்றி, சாமியாடுகிறவர் நீராடி ஈரத்துணியோடு வந்து நின்ற பிறகே செட்டின் மூத்தவர் கண் காட்டுவார். அதற்குப் பிறகுதான் அந்த அடியை எடுக்கலாம். வந்த தெய்வம் ஆடும், குறி சொல்லும், கேட்டதைப் பெற்றுக்கொள்ளும். கடைசியில் மலையேறும் அடியைக் கொட்ட வேண்டும். அதைக் கேட்டுத்தான் தெய்வம் வந்த வழியே திரும்பும். ஆடினவர் தளர்ந்து சாய்வார். “சாமி மலையேறிட்டு” என்று கூட்டம் மூச்சு விடும். அழைப்பைக் கொட்டினால் மலையேற்றத்தையும் கொட்ட வேண்டும் என்பது அவன் செட்டில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டாத முறை. கதவைத் திறந்தவன் சாத்த வேண்டாமா?

முதலில் அவன் அப்படித்தான் அமைத்தான். பிரேக்டவுனில் அழைப்பு, பாட்டின் முடிவில் மலையேற்றம். பாட்டு ஆறு நிமிடம் ஆயிற்று. சிவரஞ்சனி முகம் சுளித்தாள்.

“கடைசில வார அந்த மெதுவான அடி எதுக்கு வேலு? பிரியாணிக்குப் பொறவு மோருஞ்சோறு மாதிரி இருக்கு. உச்சத்துலயே வெட்டிருவோம். கேக்குறவன் படிக்கட்டு இருக்குன்னு கால வச்சு, இல்லாம விழணும்.”

அப்படி முடிக்கக் கூடாது என்னும் சொல் நாவின் நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். சிரித்துவிட்டுக் கேட்டும் இருப்பார்கள். ஆனால் வெட்டியபின் வாசித்துப் பார்த்தபோது, அந்த முடிவு அழகாக இருந்தது. உச்சத்தில் அறுந்து தொங்கிய அந்த அமைதி அவனையே மயக்கிற்று. அவன் சொல்லை விழுங்கினான். பிற்பாடு உறக்கம் வராமல் கிடந்த நாள்களில் அவன் தன்னை மன்னிக்க முடியாமல் தவித்தது இந்த ஒன்றுக்காகத்தான்.

தறிகளுக்கு நடுவே நின்று வாசித்து, கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். ஒரு மாதத்தில் ஒன்பது லட்சம் பேர் பார்த்தார்கள். சிவகாசியில் ஒரு கல்லூரி விழாவுக்கு அழைத்தார்கள். அங்கே பாட்டு முடிந்தபின் சோலைராஜ் ஒலிவாங்கியைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். ஒரு நிமிடம் இருக்கும். பாணி என்று எண்ணிப் பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். பின்னாலிருந்த வேல்பாண்டி மட்டும் அவன் கால்களைப் பார்த்தான். சோலைராஜின் குதிகால்கள் இரண்டும் தரையைத் தொடவில்லை. சாமியாடுகிறவர்களின் நிலையை அவன் நூறு கொடையில் பார்த்திருக்கிறான்.

மதுரையில் அது அரைமணி நேரம் ஆயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் பார்த்தான்.

கோயம்புத்தூரில் பாட்டு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, வேல்பாண்டியின் கைப்பேசி ஒலித்தது. சோலைராஜின் தாய் பொன்மணி பேசினாள்.

“ஏய்யா வேலு, எம்பிள்ள எங்க? அவன் போனுக்கு அடிச்சா யாரோ பெரிய ஆளு எடுக்காவ. யாருய்யா அவிய?”

வேல்பாண்டி திரும்பிப் பார்த்தான். வேனின் பின்னிருக்கையில் சோலைராஜ் தனியாக உட்கார்ந்திருந்தான். கைப்பேசி அவன் காதிலேயே இருந்தது.

“இங்கதான் இருக்கான் அத்தே. செத்த நேரத்துல பேசச் சொல்லுதேன்,” என்று சொல்லி வேல்பாண்டி அழைப்பைத் துண்டித்தான்.

தெய்வத்துக்கு அஞ்சுவது அவனுக்குப் புதிதன்று. அந்த அச்சத்தில் ஓர் அடைக்கலம் உண்டு. தாயின் கோபத்துக்கு அஞ்சுவதுபோல. இது வேறு. ஊர் எல்லையில் நின்று கொட்டினால் இன்னார் வருவார் என்று தெரியும். வந்தவரிடம் யார் வந்திருக்கிறது என்று கேட்க முறை உண்டு. அவரும் பெயர் சொல்லுவார். எல்லை கட்டாத ஒரு மண்டபத்தில், எவர் பெயரையும் சொல்லாமல், இறங்கு என்று மட்டும் ஓலமிட்டால் இறங்குவது யார்? காட்டில் வழிபாடற்றுக் கிடப்பவை எத்தனை, பசித்துக் கிடப்பவை எத்தனை என்று யார் கண்டார்? ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக் கோயிலுக்குப் போய்ப் பிணி தீர்க்கும் பெருமானின் சந்நிதியில் வேல்பாண்டி நெடுநேரம் நின்றான். சொல்லி அழ ஒரு பெயர் இல்லாத நோயை என்னவென்று முறையிடுவது? திருநீற்றை மடித்து எடுத்து வந்து சோலைராஜுக்குப் பூசினான். அவன் சிரித்துக்கொண்டே நெற்றியைக் காட்டினான். பாட்டு இல்லாத நாள்களில் அவன் பழைய சோலைராஜாகவே இருந்தான்.

பெங்களூரில் ஓர் இசை விழாவுக்கு அழைப்பு வந்த நாளில், தறிக்கூடத்தில் வைத்து வேல்பாண்டி எல்லாவற்றையும் சொல்லி, மலையேறும் அடியைப் பாட்டில் திரும்பச் சேர்க்கக் கேட்டான்.

“ஏலே, அவன் நடிக்கான்லே,” என்றான் பெலிக்ஸ். ஆனாலும் அவன் கை கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டது. “நடிக்கியா இல்லியா, சொல்லுலே சோலை.”

“நல்லாத்தான இருக்கேன்,” என்றான் சோலைராஜ், தரையைப் பார்த்து.

“பன்னெண்டாயிரம் பேரு வாராவ வேலு,” என்றாள் சிவரஞ்சனி. “நமக்கு இருபத்தஞ்சே நிமிசம். அதுல மூணு நிமிசம் மெதுவா ஒரு அடிய அடிச்சுக்கிட்டு இருந்தா, சத்தத்த அணைச்சுட்டு அடுத்த ஆள ஏத்திருவானுக. பெங்களூரு முடியட்டும். பொறவு டாக்டர்ட்ட காட்டுவோம், கோயிலுக்கும் போவோம். எங்க சொன்னாலும் வாரேன்.”

அவள் குரலில் பொய் இல்லை. அதனால் வேல்பாண்டி தலையாட்டினான். உள்ளுக்குள் வேறொன்றை முடிவு செய்துகொண்டான்.

பெங்களூரில் மாலை நான்கு மணிக்கு மேடை கிடைத்தது. வானம் மூடிக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் தலைகள். நான்கு பாட்டுகள் நெருப்பாய்ப் போயின. ஐந்தாவதாக 'இறங்கு'. வேல்பாண்டி அழைப்பை அடித்தான். பன்னிரண்டாயிரம் வாய்கள் சோலைராஜோடு சேர்ந்து, பொருள் தெரிந்தும் தெரியாமலும், “இறங்கு! இறங்கு!” என்று கூவின. தனி ஒருவனின் அழைப்புக்கே வந்தது இத்தனை பேரின் அழைப்புக்கு எப்படி வரும் என்று அவன் அப்போதுதான் எண்ணினான். எண்ணுவதற்குள் பாட்டு அறுந்தது.

சோலைராஜின் தோள்கள் அகன்று உயர்ந்தன. கூட்டம் கடலாய் இரைந்தது.

வேல்பாண்டி மலையேறும் அடியை எடுத்தான். பெலிக்ஸ் திரும்பி வாய்க்குள் வைதான். சிவரஞ்சனி கையால் வேண்டாம், வேண்டாம் என்றாள். அவன் நிறுத்தவில்லை. அப்போது சோலைராஜ் மெல்லத் திரும்பினான். இத்தனை நாளில் மேடையில் அந்த முகத்தை வேல்பாண்டி நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். சினம் ஏதும் இல்லை. நெடுநாள் தேடிய ஆளைச் சந்தையில் கண்டுகொண்டவரின் பார்வை.

முறைப்படி கேட்க வேண்டியதை வேல்பாண்டி கேட்டான். “யாரு வந்திருக்கது?”

சோலைராஜின் உடம்பு தாளத் தகடுகளுக்கு மேலாகக் குனிந்தது. குரல் தாழ்ந்திருந்தது. “கூப்பிட்டவன் நீ. பேரு நீயில்லா சொல்லணும்.”

அவனிடம் இருந்தது கைகள் மட்டுமே. தெரிந்த தெய்வங்களையெல்லாம் மனத்துக்குள் அழைத்துக்கொண்டு, ஓரடியும் விடாமல், இருப்பதிலேயே மெதுவான அந்தக் கடைசிச் சுற்றைக் கொட்டி முடித்தான். சோலைராஜின் முழங்கால்கள் மடிந்தன. மேடைப் பலகையில் சரிந்தவன், “வேலு, தண்ணி குடுலே,” என்றான். அது அவன் குரல். கூட்டம் அதையும் பாட்டின் பகுதி என்று கொண்டு, அதுவரை இல்லாத முழக்கம் முழங்கிற்று.

மறுநாள் காலை ஊருக்குப் புறப்பட்டார்கள். ஓசூரில் சோலைராஜ் எட்டு இட்லி தின்றான். “உன் இட்லியையும் தள்ளு, பேயோட்டுன அலுப்புல உனக்குப் பசிக்காது,” என்று வேல்பாண்டியின் தட்டிலும் கை வைத்தான். வேல்பாண்டி முகம் கழுவும் சாக்கில் குழாயடியில் நின்று அழுதான். எல்லாம் தீர்ந்தது என்று நம்பினான்.

வண்டி தருமபுரியைத் தாண்டியதும் சோலைராஜ் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஒன்னு சொல்லவா? நான் எங்கயும் போகலலே. அம்புட்டு நேரமும் உள்ளதான் இருந்தேன். எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“பயமா இருந்துச்சா?”

“பயமா? ஆறு வருசம் லாரிக்காரன்கிட்டக் கத்துனேன் வேலு. ஒருத்தன் திரும்பிப் பாத்ததில்ல. அது உள்ள இருக்கையில, பன்னெண்டாயிரம் பேரு நான் மூச்சு விட்டா விட்டாவ, நிறுத்துனா நிறுத்துனாவ.” அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். “அதப் போயி அனுப்பிட்டியே.”

“சோலை, அது யாருன்னே நமக்குத் தெரியாதுலே.”

“தெரியாட்டி என்ன? என்னைய யாருக்குத் தெரியும்?”

“இனி நான் அந்த அடிய எடுக்க மாட்டேன். சத்தியம்.”

“நீ எடுக்க வேண்டாம்,” என்றான் சோலைராஜ், பரிவோடு. “கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.”

முன்னிருக்கையின் இரும்புக் கம்பியில் அவன் இரண்டு கைவிரல்களும் இறங்கின. அழைப்பின் முதற்சுற்று. ஒரு பிசகு இல்லை. தேர்ந்த கொட்டுக்காரனுக்கும் மூன்றாண்டு பிடிக்கும் நடை அது. வேல்பாண்டி அந்த விரல்களைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். இரும்போடு இரும்பாய் இருந்தன. வேறு வழியின்றித் தன் தொடையில் உள்ளங்கைகளை அறைந்து மலையேறும் அடியைக் கொட்டத் தொடங்கினான். அழைப்பு ஓங்கும்போது இவன் ஓங்கினான். அது விரைந்தால் இவன் அதன் காலைக் கட்டினான். சோலைராஜ் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் அவனுடையதாகவே இருந்தது. அது அவனுடையதாக இருக்கும்வரை கொட்ட வேண்டும்.

சேலம் வந்தது, போயிற்று. உள்ளங்கைகள் எரிந்தன. இராசபாளையத்துக்கு இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

முன்னால் உறங்கிக்கொண்டிருந்த சிவரஞ்சனி விழித்துத் திரும்பினாள். சற்றுக் கேட்டாள். அவள் கண்கள் விரிந்தன.

“ஏ பெலிக்ஸ், எந்திரி! இதக் கேளேன். ரெண்டு அடியும் ஒன்னுக்குள்ள ஒன்னு எப்படி மோதுதுன்னு பாரு! அடுத்த பாட்டு இதாம்ப்பா.”

அவள் கைப்பேசியை எடுத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தி, இருவருக்கும் நடுவே நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வேல்பாண்டி வாயைத் திறந்தான். திறந்த அந்த ஒரு கணத்தில் கை ஓரடி பின்தங்கிற்று. அவன் வாயை மூடிக்கொண்டு கொட்டினான்.