ஒரு மணி நேரம் பிந்திய கல்

"உன் கல்லு நேத்தும் ஒரு மணி நேரம் லேட்டு. உன் கணக்கைத் தூக்கிக் குப்பையில போடு," என்றார் டான் பெலார்மினோ.

எல்கி மலையில் தொலைநோக்கியில் படம் எடுப்பவர் அவர். படத்தில் தெரியும் சிறுகோளின் சுற்றுப்பாதையைக் கணக்கிடுபவள் நான். பேருந்து அளவுக் கல்தான். ஆனாலும் அது வழியில் டீ குடிக்க நிற்காது.

"கோடை முழுக்க நொடி பிசகாம வந்த கல்லு. சனிக்கிழமைக்கு அப்புறம்தான் லேட்டுங்கறீங்க. தப்பு கல்லுல இல்ல."

"அப்போ என் கடிகாரத்துலயா? தினமும் ரேடியோ பீப் சத்தத்தோட நொடிமுள்ளை ஒத்துப் பார்க்கிறவன் நான்!"

படங்களின் நேரத்தை அந்தக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுவார். கோடையில் மூணு மணி கூட்டியவர், சனிக்கிழமையிலிருந்து குளிர்காலக் கணக்குப்படி நாலு மணி கூட்டி உலக நேரமாக மாற்றவும் மறக்கவில்லை.

அடுத்த கோபம் சமையலறை மேல் பாய்ந்தது. இரவெல்லாம் விழித்திருக்கும் எங்களுக்குக் காலைச் சாப்பாடு மாலை ஐந்து மணிக்கு.

"ஒத்தீலியா! மூணு நாளா சாப்பாடும் லேட்டு. இந்த மலையில ஒருத்தருக்கும் நேரம் தெரியாதா?"

சமையல்காரி ஒத்தீலியா ஈரக்கையோடு வந்தாள்.

"மணி நாலுதான் ஆகுது. கோடை முடிஞ்சுதுன்னு சனிக்கிழமை ராத்திரி நாடே முள்ளை ஒரு மணி பின்னால தள்ளிச்சே! உங்க கடிகாரம் மட்டும் வேற நாட்டுலயா இருக்கு?"

அவர் மணிக்கட்டைப் பார்த்தார்; கடிகாரம் ஐந்து காட்டியது. நான் பென்சிலை நீட்டினேன். மூன்று இரவும் எழுதிவைத்த நேரங்களில் ஒரு மணியைக் கழித்தார். மூன்று படத்திலும் கல் நான் கணக்கிட்ட இடத்திலேயே வந்து உட்கார்ந்தது.

"பாவம், இப்பவே ரொட்டி கொண்டு வரவா?" என்றாள் ஒத்தீலியா.

"அஞ்சு மணிக்கே கொண்டு வா," என்றேன் நான். " கல்லு மூணு நாள் திட்டு வாங்கிச்சு. இவர் ஒரு மணி நேரம் பசியோட இருக்கட்டும்."